மஞ்சள் பலூன் அக்காவின் முறைப்பாடு

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

இதைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமல்ல. டெனிஷில் எழுதினால் மேலாளர் வாசிப்பார். ஆங்கிலத்தில் எழுதினால் வாசித்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புவார். உங்களில் ஒருவர் இங்கேயே பிறந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டியவர், மற்றவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். இருவருக்கும் வாசிக்கத் தெரியும், அது போதும்.

டோஸ்ட்ருப் அலுவலகத்தில் வாடிக்கையாளர் முறைப்பாடு கேட்கும் அந்த ஜன்னலோரக் கதிரையிலிருந்து வெள்ளிக்கிழமை எழும்புகிறேன். முப்பது வயதில் இதை ஓய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் இந்தக் கதிரையில் ஒரு வருடம் என்பது வெளியில் மூன்று வருடம். போகிற அன்று கேக்கையும் நானே வாங்கிவர வேண்டும். விடைபெறுகிறவன் தன் பிரிவுக்குத் தானே விருந்து வைப்பது இந்த நாட்டு மரியாதை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, மேசை கதிரை உள்ள வேலைக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மீன் தொழிற்சாலையில் நின்றபடியே காலம் கழித்தவர். "இருந்துகொண்டு செய்யிற வேலைக்கும் காசு தாறாங்களோ?" என்று முதற் சம்பளத்தன்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் கடிகார நிறுவனத்தில் இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, கோயில் திருவிழாவுக்குப் போனால் யாராவது நின்றுபோன சுவர்மணிக்கூட்டைப் பையில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பற்றரி மாற்றிக் கொடுப்பேன். இத்தனை காலத்தில் நான் நிச்சயமாகத் திருத்தினேன் என்று சொல்லக்கூடிய மணிக்கூடுகள் அவைதான்.

நாம் விற்பது ஓட்டக்காரர் கட்டும் கடிகாரம். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, நீங்கள் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் மணிக்கட்டில் காட்டும். அது எப்படி நடக்கிறது என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டுவார்கள், அன்று கோப்பியும் நன்றாக இருக்கும். பயிற்சியில் வராத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் கடிகாரம் தன்னை உண்மையைவிட வேகமானவனாகக் காட்டுகிறது என்று முறையிட ஒருவரும் தொலைபேசி எடுக்கமாட்டார்கள்.

கோபன்ஹேகன் துறைமுகத்தோரம் ஓடிய ஒருவர் எனக்குத் தன் ஓட்டத்தின் படத்தை அனுப்பினார். கோடு தண்ணீருக்குள் இறங்கி, ஒரு கப்பலைக் குறுக்காகக் கடந்து, கரையேறியிருந்தது. மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் இடைமறித்தார். அந்தப் படத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அன்றுதான் வாழ்நாளிலேயே மிக வேகமாக ஓடியிருந்தார். மறுவாரம் கடிகாரம் கரையோடு ஒழுங்காகக் கோடு போட்டதும் வேகம் விழுந்துவிட்டது. அதுதான் முறைப்பாடு. பழையபடி தண்ணீருக்குள்ளால் ஓட வழி உண்டா என்று மிகவும் பண்பாகக் கேட்டார்.

இப்படிப்பட்டவர்களையே கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த காலத்தில்தான் ஜெசிந்தா அக்கா கூப்பிட்டார்.

முதலில் டெனிஷில் தொடங்கினார். நான் என் பெயரைச் சொன்னதும் நிறுத்தினார்.

"தம்பி, நீங்கள் தமிழோ?"

"ஓம் அக்கா."

"அப்பாடா. இனி நான் வடிவா ஏசலாம்."

அவர் மன்னாரில் பிறந்தவர், அல்பர்ட்ஸ்லுண்டில் இருப்பவர், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஊர் ஓட்டக் கழகத்தில் பல வருடமாகக் கடைசி வரிசையில் ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும்போது மேசையின் ஓரத்துக் கதிரை அவருக்கு. டெனிஷ் தெரியாமலில்லை. அவர்கள் வேகமாகப் பகிடி விட்டு வேகமாகச் சிரித்து முடிப்பார்கள், இவர் சிரிக்கத் தொடங்கும்போது அடுத்த பகிடி வந்துவிடும்.

அந்த வருடம் கழகம் அவருக்கு ஒரு மஞ்சள் பலூனைக் கொடுத்தது. அரை மரதன் ஓட்டங்களில் பார்த்திருப்பீர்கள், முதுகில் பலூன் கட்டிய ஒருவர் மாறாத ஒரே வேகத்தில் ஓடுவார். பலூனில் முடிக்கும் நேரம் எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குள் முடிக்க விரும்புகிறவர்கள் அவரை விடாமல் பின்தொடர்ந்தால் போதும். அக்காவுக்குக் கிடைத்தது கடைசிப் பலூன், இரண்டரை மணி நேரம்.

"விளங்குதோ தம்பி? இருவது வருசமா நான் சனத்தை வீல்செயாரில வைச்சுத் தள்ளிக்கொண்டு அவையளுக்குப் பின்னால போறன். இப்பத்தான் சனம் எனக்குப் பின்னால வரப்போகுது."

ஆனால் ஒத்திகை ஓட்டத்தில் அவர் குழுவைப் பிந்திக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். நம் கடிகாரம் காட்டிய வேகத்தை இம்மியும் பிசகாமல் பிடித்துத்தான் ஓடியிருக்கிறார். கடிகாரம் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. கழகத் தலைவர் ஹென்ரிக் கோபிக்கவில்லை. டெனிஷ்காரர் இப்படியானவற்றுக்குக் கோபிப்பதில்லை, சிரித்த முகத்தோடு உங்களுக்கு வேறு வேலை தேடுவார்கள். "வாழைப்பழ மேசைக்கும் நல்ல ஆள் வேண்டும், ஜெசிந்தா" என்றாராம். இன்னுமொரு ஒத்திகை இருந்தது. அதிலும் பிந்தினால் பலூன் வேறொருவர் முதுகுக்குப் போய்விடும்.

நம் பிரிவின் மூன்று மந்திரங்களை உங்களுக்கும் இந்நேரம் மனப்பாடம் ஆக்கியிருப்பார்கள். மென்பொருளைப் புதுப்பித்தீர்களா? அணைத்துப் போட்டீர்களா? வெட்டவெளியில் நின்று சமிக்ஞை வரும்வரை பொறுத்தீர்களா? மூன்றையும் கேட்டேன், மூன்றுக்கும் ஓம் என்றார். புதுக் கடிகாரம் அனுப்பினோம். அதுவும் அப்படியே காட்டியது. இன்னொன்று அனுப்பினோம். அதுவும் அப்படியே.

ஒரே ஆளிடம் கடிகாரங்கள் ஒரே மாதிரிப் பிழைத்தால், அந்த ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். நம் கணினியில் அதற்கென்று ஒரு பொத்தான் இல்லை. இருப்பது "பயனரின் எதிர்பார்ப்பு" என்ற பொத்தான், அதாவது பிழை கடிகாரத்தில் இல்லை, வாங்கியவரின் நினைப்பில். அதை அழுத்தினால் முறைப்பாடு முடிந்தது, மாத அறிக்கையில் பச்சை நிறமும் ஏறும். மேலாளர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். நின்றால் அழுத்திவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

"இன்னும் திறந்தே இருக்கிறதா?"

"அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்."

"எல்லோரும் உண்மைதான் சொல்கிறார்கள். அதற்காகத்தான் அந்தப் பொத்தான்."

அவர் கோப்பி எடுக்கப் போன நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டு, ஓடும்போது நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"சனிக்கிழமை காட்டுக்கு வாரும். ஓடுற உடுப்போட வாரும். சும்மா நிண்டு பாக்கிறவங்கள் எனக்கு வேலையிலயே தாராளம்."

அல்பர்ட்ஸ்லுண்டைத் தாண்டியதும் வரும் காட்டில், கழகத்தார் அளவுச்சக்கரம் உருட்டி அளந்து கிலோமீற்றர் பலகைகள் நட்ட பாதை ஒன்று இருந்தது. தூறல், சேறு, நாயோடு நடப்பவர்கள். நானும் அதே வகைக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் ஓடினேன். முதற் பலகைக்கு முன்னமே அவருடைய கடிகாரம் கிலோமீற்றர் முடிந்ததென்று அதிர்ந்தது. என்னுடையது பலகைக்குக் கிட்டப் போய்த்தான் அதிர்ந்தது. அடுத்த பலகையிலும் அப்படியே. அவருடைய கடிகாரம், ஓடாத தூரத்தையும் ஓடியதாகச் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது. அதை நம்பி அவர் தன் வேகத்தைக் குறைக்கிறார், குறைத்துப் பிந்துகிறார். இவ்வளவும் விளங்கியது. ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

அவர் வேகம் பார்ப்பதற்காகக் கையைத் தூக்கினார். கைரேகை காட்டுகிறவர் போல உள்ளங்கையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"அக்கா, நில்லுங்கோ. மணிக்கூட்டை ஏன் உள்பக்கமாக் கட்டியிருக்கிறியள்?"

"பின்ன எந்தப் பக்கம் கட்டுறது? பொம்பிளையள் இப்பிடித்தானே கட்டுறது?"

உண்மை. என் அம்மா அப்படித்தான் கட்டுவார், சின்னம்மா அப்படித்தான், எனக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சரும் அப்படித்தான். முகப்பு உள்மணிக்கட்டில், நாடாவின் கொளுவி வெளியே. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. அவரோடு இரண்டு கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் பட்டது. நம் தலைமை அலுவலகத்தாரோ அப்படி ஒரு பழக்கம் உலகத்தில் உண்டென்றே அறியாதவர்கள். எங்கள் மந்திரங்களில் அந்தக் கேள்வி எப்படி வரும்?

அந்தக் கடிகாரத்தில் சமிக்ஞை வாங்கும் பாகம் முகப்பை ஒட்டி இருக்கிறது. ஓடும்போது முழங்கை மடிந்திருக்கும். வெளிப்பக்கம் கட்டினால் முகப்புக்கு ஓரளவாவது வானம் தெரியும். உள்ளே கட்டினால் உடம்பு மறைக்கும். சமிக்ஞை குறையக் குறைய, போகும் பாதையைக் கடிகாரம் அங்குமிங்கும் கோணலாக ஊகிக்கும். கோணல் கூடினால் தூரமும் கூடும்.

"வானத்தைப் பாக்க வேண்டிய சாமான் அக்கா. இவ்வளவு நாளும் உங்கட வயித்தைப் பாத்துக்கொண்டு வந்திருக்கு."

"அதுதான் தூரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கு. இந்த வயித்தைச் சுத்தி வர நேரம் எடுத்திருக்கும்" என்றார்.

திருப்பிக் கட்டினார். "ஆம்பிளையள் மாதிரிக் கிடக்கு" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் அடுத்த பலகையில் இரண்டு கடிகாரங்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அதிர்ந்தன. அக்கா அந்தச் சேற்றுக்குள் நின்று என் முதுகில் ஒரு அடி போட்டார். ஆசீர்வாதம்தான், ஆனால் வலித்தது.

இந்த இடத்தில் கவனமாக வாசியுங்கள். இங்கே நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். காரணம் கண்டுபிடித்தாயிற்று, வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், திங்கட்கிழமை முறைப்பாட்டை நேர்மையாகவே மூடலாம். ஆனால் "கிட்டத்தட்ட" என்ற சொல் என்னை விடவில்லை. என்னுடைய கடிகாரமும் பலகைக்குச் சற்று முன்னமேதான் அதிர்ந்தது. போட்டி நடப்பது காட்டுக்குள் அல்ல, நகரத்துத் தெருக்களில். இரண்டு பக்கமும் மாடிக்கட்டடங்கள், வளைவுகள், முண்டியடிக்கும் கூட்டம். போட்டிப் பாதையை அளப்பவர்கள் வளைவின் உள்விளிம்பை ஒட்டி மிகக் குறுகிய வழியால் அளப்பார்கள். ஓடுகிறவர்கள் கூட்டத்தை விலத்தி அகலமாகச் சுற்றி ஓடுவார்கள். கடிகாரம் பிழைக்காவிட்டாலும் அது எண்ணும் தூரம் பலகையை முந்தும். இப்போது திருத்தியாயிற்று என்று சொன்னால் அக்கா அதை முழுதாக நம்புவார். அவரை நம்பி ஒரு கூட்டம் பின்னால் வரும்.

மறுபக்கம், நம் கடிகாரத்தை நம்பாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு எனக்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லுறன். நான் சொன்னதெண்டு வெளியில சொல்லாதேங்கோ. ஓட்டம் நடக்கிற அண்டு வேகம் காட்டுற பக்கத்தைப் பாக்கவே பாக்காதேங்கோ. நேரத்தை மட்டும் பாருங்கோ. ஒவ்வொரு கிலோமீற்றர் பலகையிலயும் எத்தினை மணிக்கு நிக்கோணுமெண்டு பாடமாக்கி வைச்சிருங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இது வெறும் மணிக்கூடோ?"

"ஓம்."

"அதுக்கேன் ராசா இவ்வளவு விலை?"

"அந்த மிச்சத்திலதான் அக்கா என்ர சம்பளம்."

அவர் பாடமாக்கினார். முதியோரைக் குளிப்பாட்டும்போதும், கட்டில் விரிக்கும்போதும், செபமாலை சொல்வது போல வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தாராம். இரண்டாம் ஒத்திகையில் குழுவை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஹென்ரிக் "அவ்வளவு மோசமில்லை" என்றார். டெனிஷ்காரர் வாயிலிருந்து அப்படி வந்தால் பொன்னாடை போர்த்தியதற்குச் சமம். பலூன் அக்காவிடமே நின்றது.

போட்டியன்று என்னையும் தன் குழுவில் ஓடச் சொல்லிவிட்டார். "பிழைச்சால் ஆளைத் தேடித் திரிய எனக்கு நேரமில்லை. கைக்கெட்டின தூரத்தில ஓடும்."

பாதி தூரம்வரை எல்லாம் நன்றாகவே போனது. மஞ்சள் பலூனுக்குப் பின்னால் ஒரு சிறிய கூட்டம், எல்லோர் மணிக்கட்டிலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் கடிகாரம். அங்கேதான் முணுமுணுப்புத் தொடங்கியது. எல்லாக் கடிகாரங்களும் நாங்கள் அளவுக்கு மீறி வேகமாகப் போகிறோம் என்றே காட்டின. செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் முன்னுக்கு வந்து, அக்காவின் முகத்துக்கு நேரே தன் மணிக்கட்டை நீட்டினார்.

"நீங்கள் மிக வேகமாக ஓடுகிறீர்கள். கொஞ்சம் மெதுவாக."

"நான் நேரத்துக்குத்தான் ஓடுகிறேன்" என்றார் அக்கா டெனிஷில்.

"என் கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை. இவருடையதும் சொல்லவில்லை. யாருடையதுமே சொல்லவில்லை."

பின்னால் ஆமோதிக்கும் குரல்கள். பண்பான குரல்கள்தான், ஆனால் பல. ஒரு பக்கம் அத்தனை கடிகாரங்கள். மறுபக்கம் ஒரு பலூனும், மனத்துக்குள் கிடந்த ஒரு வாய்ப்பாடும். அக்கா குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் நேரத்தைத்தான் பார்க்கிறாரா, வேகத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய கால்கள் ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது.

"தம்பி, உம்மட மணிக்கூடு என்ன சொல்லுது?"

பார்த்தேன். அதுவும் கூட்டத்தின் பக்கந்தான் நின்றது. நாங்கள் விற்கிற கடிகாரம், நானே பொறுக்கி எடுத்துக் கட்டியது, மெதுவாகப் போ என்று தெளிவாகச் சொன்னது. அவ்வளவு தெளிவான எண்ணுக்கு எதிராக வாய் திறப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

"அது சொல்லுறதை விடுங்கோ அக்கா. கடைசிப் பலகையில நேரம் என்ன?"

"நான் பாடமாக்கினது எதுவோ, அதேதான்."

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறியள்?"

"சரி, பொத்திக்கொண்டு ஓடும்" என்றார். கால்கள் பழைய தாளத்துக்குத் திரும்பின. செம்மஞ்சள் சட்டைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கடிகாரம் சொன்ன வேகத்துக்கு இறங்கினார். இன்னும் சிலர் அவரோடு பின்தங்கினார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தபடியே பலூனைத் தொடர்ந்தார்கள்.

முடிவிடத்துக்கு முந்திய தெருவில் கடைசிக் கூத்து. ஒன்றன்பின் ஒன்றாகக் கடிகாரங்கள் அதிர்ந்தன. அரை மரதன் தூரம் முடிந்தது, வாழ்த்துகள். ஒரு பெண் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒருவர் நின்று மணிக்கட்டைப் படம் எடுத்தார். என் கால்களும் தாமாகவே தளர்ந்தன. முடிவிடத்துத் தோரண வளைவோ இன்னும் கண்ணிலேயே படவில்லை, அது அடுத்த திருப்பத்துக்கு அப்பால்.

அக்கா திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் டெனிஷ் எங்கே போனதோ தெரியாது.

"ஏய்! மணிக்கூடுதான் முடிஞ்சுது! றோட்டு முடியேல்லை! ஓடுங்கோ!"

மொழிபெயர்க்க ஒருவரும் தேவைப்படவில்லை. படம் எடுத்தவர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே ஓடத் தொடங்கினார். திருப்பத்தைத் தாண்டி, வளைவின் மேல் ஓடிக்கொண்டிருந்த பெரிய மணிக்கூட்டில் இரண்டரை மணி நேரம் நிறைவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து மஞ்சள் பலூன் உள்ளே போனது. அதைத் தொடர்ந்த அத்தனை பேரும் உள்ளே போனார்கள். கைகளைத் தூக்கிய பெண் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்று கோப்பி மேசையில் பகிடி சொன்னவர் அக்கா. மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை என் பெட்டியில் ஒரு முறைப்பாடு கிடந்தது, செம்மஞ்சள் சட்டைக்காரருடையது. நம் கடிகாரத்தின்படி அவர் குறித்த நேரத்துக்குள் முடித்துவிட்டார். ஆகவே பாதையைத்தான் பிழையாக அளந்திருக்கிறார்கள், அதை நாம் எழுத்தில் உறுதிப்படுத்தித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். அடுத்த முறை மஞ்சள் பலூனுக்குப் பின்னால் ஓடும்படி பதில் எழுதினேன். மேலாளர் அனுமதிக்க முன், பலூன் நம்முடைய தயாரிப்பா என்று விசாரித்தார்.

மத்தியானம் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு சிக்கல். கழகத்தில மூண்டு பேர் வந்து கேக்கினம், உன்ர மணிக்கூடு எது, இவ்வளவு சரியாக் காட்டுதே எண்டு. தாங்களும் வாங்கப் போகினமாம். நான் என்னத்தைச் சொல்ல?"

நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்துவைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் அந்த அழைப்பு வரும்.

"எங்கட மணிக்கூடுதான் எண்டு சொல்லுங்கோ. வேகத்தைப் பாக்காமல் நேரத்தை மட்டும் பாத்ததையும் மறக்காமல் சொல்லுங்கோ."

"அதைச் சொன்னால் ஒருத்தரும் வாங்கமாட்டினம், விசரா."

அவர் இரண்டையும் சொல்லியிருக்கிறார். மூவரும் கவனமாகக் கேட்டுவிட்டு, மூவரும் வாங்கினார்கள். இலையுதிர்கால ஓட்டத்திலும் பலூன் அக்காவுக்குத்தான் கிடைத்தது. அந்த மூவரும் அவருக்கு நேர் பின்னால் ஓடினார்கள். புதுக் கடிகாரத்தை மாறி மாறி அவருக்கு நீட்டிக்காட்டி, "ஜெசிந்தா, கொஞ்சம் மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே, ஒரு அடிகூடப் பின்தங்காமல் ஓடினார்கள்.